விலை கேட்ட உரிமையாளர்: நியூவார்க் ஈகிள்ஸ் அணியின் பதின்மூன்று பருவங்கள்

1887ஆம் ஆண்டு ஜூலை 14 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள நியூவார்க் நகரில் ஒரு காட்சி ஆட்டம் நடப்பதாக இருந்தது. விருந்தாளியாக வந்திருந்தது சிகாகோ ஒயிட் ஸ்டாக்கிங்ஸ் அணி. அதன் தலைவர் கேப் ஆன்சன் அன்றைய பேஸ்பாலின் மிகப் பெரிய நட்சத்திரம். நியூவார்க் அணியின் சிறந்த பந்தெறியாளர் ஜார்ஜ் ஸ்டோவி, ஒரு கறுப்பர். ஸ்டோவி எறிவதானால் தன் அணி களத்தில் இறங்காது என்றார் ஆன்சன். ஸ்டோவி ஆடவில்லை. அதே நாளில், நியூவார்க் அங்கம் வகித்த இன்டர்நேஷனல் லீகின் உரிமையாளர்கள் கூடி, கறுப்பின வீரர்களுடன் இனிப் புதிய ஒப்பந்தம் எதற்கும் ஒப்புதல் தருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஸ்டோவியின் பந்துகளைப் பிடித்த கேட்சர் ஃப்ளீட் வாக்கரும் கறுப்பர்தான். 1884இல் டொலீடோ அணிக்காக மேஜர் லீகிலேயே ஆடியவர். அடுத்த சில ஆண்டுகளில் இவர்களைப் போன்றவர்கள் ஒவ்வொருவராக வெளியேற்றப்பட்டார்கள். விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. எழுதாமலேயே அறுபது ஆண்டுகள் அந்தத் தடை நின்றது.

தடை உடைந்த கதையை உலகம் நன்றாக அறியும். 1947 ஏப்ரல் 15 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். அமெரிக்காவின் பள்ளிப் பாடங்களிலும் திரைப்படங்களிலும் அது ஒரு மனிதரின் துணிச்சலும் இன்னொருவரின் தொலைநோக்கும் சேர்ந்த கதையாகச் சொல்லப்படுகிறது. அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் திறக்கப்பட்டது வீரர்களுக்கான கதவு மட்டுமே. அவர்களைக் கண்டெடுத்து, ஊதியம் தந்து வளர்த்த கறுப்பின அணிகளுக்கும், அவற்றின் பயிற்சியாளர்களுக்கும், நடுவர்களுக்கும், உரிமையாளர்களுக்கும் அது திறக்கவே இல்லை. ஸ்டோவியைத் தடுத்த அதே நியூவார்க்கில் 1936 முதல் 1948 வரை இயங்கிய ஈகிள்ஸ் அணியின் வரலாற்றைப் படித்தால் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரியும். அதன் உரிமையாளர்களில் ஒருவர் பெண். பெயர் எஃபா மேன்லி. எங்கள் வீரரை எடுத்துக்கொள்கிறீர்களே, அதற்கு விலை எங்கே என்று வாய்விட்டுக் கேட்டவர் அவர்.

கறுப்பினத்தவருக்கென்று நிலைத்து நின்ற முதல் தொழில்முறை லீகை 1920இல் கேன்சஸ் சிட்டியில் கூட்டிய கூட்டத்தில் உருவாக்கியவர் ரூப் ஃபாஸ்டர். நீக்ரோ நேஷனல் லீக் என்பது அந்தக் காலத்து வழக்கப்படி அதற்கு இடப்பட்ட பெயர். பொருளாதாரப் பெருமந்தத்தில் அது 1931இல் மடிந்தது. அதே பெயரில் 1933இல் இன்னொரு லீகை எழுப்பியவர் பிட்ஸ்பர்க் நகரின் கஸ் கிரீன்லீ. அவருடைய பணம் ‘நம்பர்ஸ்’ என்ற சட்டவிரோத லாட்டரியிலிருந்து வந்தது. மூன்று இலக்க எண் ஒன்றின் மீது சில காசுகள் கட்டி அன்றாடம் ஆடும் சூதாட்டம் அது. கிழக்குப் பகுதி அணி உரிமையாளர்கள் பலரின் முதலீடும் அங்கிருந்தே வந்தது. இதைப் பின்னாளில் அவர்களுக்கு எதிரான குற்றச்சாட்டாக வைத்தார்கள். கறுப்பின வணிகருக்கு வங்கிகள் கடன் தராத நாட்டில், அந்தச் சமூகத்துக்குள் புழங்கிய ரொக்கம் ஓர் இடத்தில் திரண்டது என்றால் அது அங்கேதான். அதிலிருந்து வெளிப்படையான, மதிப்புள்ள ஒரு தொழிலுக்கு நகர்வதற்கு பேஸ்பால் ஒரு வழியாக இருந்தது.

நியூ ஜெர்சியின் காம்டன் நகரில் நம்பர்ஸ் தொழிலை நடத்தியவர்தான் ஏப் மேன்லி. வட கரோலினாவிலிருந்து வந்தவர், பேஸ்பால் பித்தர். எஃபா பிலடெல்பியாவில் பிறந்தவர். தாய் தையல் வேலை செய்தவர். தன்னைப் பெற்ற தகப்பன் ஒரு வெள்ளையர் என்று தாய் சொன்னதாகவும், எனவே பிறப்பால் தான் வெள்ளைக்காரியே என்றும் எஃபா முதுமையில் பேட்டிகளில் சொன்னார். வளர்ந்தது கறுப்பினக் குடும்பத்தில், கறுப்பின உடன்பிறப்புகளோடு. நியூயார்க்கில் தொப்பி தைக்கும் வேலைக்குப் போனபோது வெள்ளைக்காரி என்று நினைத்தே முதலாளிகள் வேலை தந்தார்கள். மாலையில் அவர் திரும்பியது ஹார்லெமுக்கு. எந்தப் பக்கம் வாழ்வது என்று தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தும் கறுப்பினப் பெண்ணாகவே வாழ்ந்து, அந்தச் சமூகத்தின் சண்டைகளைத் தன் சண்டைகளாக ஏற்றுக்கொண்டார். அவருடைய ரத்தத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளை விட இந்தத் தேர்வே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்தச் சண்டைகளில் முதலாவது பேஸ்பாலோடு தொடர்பில்லாதது. ஹார்லெமின் 125ஆம் தெருவில் புளூம்ஸ்டைன்ஸ் என்ற பெரிய ஜவுளிக் கடை இருந்தது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள்; விற்பனைப் பெண்களில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை. 1934இல் அந்தக் கடையைப் புறக்கணித்து வாசலில் மறியல் செய்த இயக்கத்தில் எஃபா முன்னணியில் நின்றார். கடை முதலாளியோடு நேரில் பேச்சுவார்த்தைக்கும் போனார். சில வாரங்களில் கடை இறங்கி வந்தது. எங்கள் பணம் வேண்டுமென்றால் எங்களுக்கு உரியதைக் கொடு என்ற அந்த வாதத்தைத்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து மேஜர் லீக் முதலாளிகளிடமும் அவர் வைத்தார்.

1933இல் ஏப்பை மணந்தார். 1935இல் இருவரும் புரூக்ளின் ஈகிள்ஸ் என்ற அணியைத் தொடங்கினார்கள். முதல் ஆட்டம் புரூக்ளின் டாட்ஜர்ஸின் மைதானமான எபெட்ஸ் ஃபீல்டில். நியூயார்க் மேயர் லகார்டியா முதல் பந்தை எறிந்து தொடங்கிவைத்தார். ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணி 21–7 என்று நொறுக்கியது. பார்க்கப் பொறுக்காமல் எஃபா பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மேஜர் லீக் அணிகள் இருந்த நியூயார்க்கில் கறுப்பின அணி ஒன்றுக்குக் கூட்டம் சேர்ப்பது கடினம் என்பது ஒரே பருவத்தில் புரிந்துபோனது. நியூவார்க் டாட்ஜர்ஸ் என்ற சிறு கறுப்பின அணியை வாங்கித் தங்கள் அணியோடு இணைத்து, 1936இல் நியூவார்க்குக்கு இடம் மாறினார்கள்.

நியூவார்க் தொழிற்சாலைகளின் ஊர். தென் மாநிலங்களின் பருத்தி வயல்களை விட்டு வடக்கே வந்தவர்கள் அங்கே குடியேறிக்கொண்டிருந்தார்கள். 1940இல் நகரின் கறுப்பின மக்கள் தொகை ஏறத்தாழ 45,000. ஞாயிற்றுக்கிழமை காலை தேவாலயம், பிற்பகல் ஈகிள்ஸின் இரட்டை ஆட்டம். பெண்கள் தேவாலயத்துக்கு உடுத்திய நல்ல உடையோடும் தொப்பியோடும் அப்படியே மைதானத்துக்கு வருவார்கள். ஆனால் அந்த ரூப்பர்ட் ஸ்டேடியம் ஈகிள்ஸுக்குச் சொந்தமானதல்ல. அது நியூயார்க் யாங்கீஸ் உரிமையாளரின் சொத்து. யாங்கீஸின் கிளை அணியான நியூவார்க் பேர்ஸின் வீடு. பேர்ஸ் வெளியூர் போயிருக்கும் நாட்களில் மட்டும் ஈகிள்ஸுக்கு வாடகைக்குக் கிடைக்கும். தன் அணிக்குள் ஒரு கறுப்பரையும் அனுமதிக்காத நிறுவனத்துக்கே கறுப்பின ரசிகர்களின் நுழைவுச்சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு வாடகையாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த ஏற்பாட்டை ஊன்றிப் பார்க்க வேண்டும்; கறுப்பின லீகுகளைப் பற்றிய வசைகள் பலவற்றுக்கு விடை இதில்தான் இருக்கிறது. லீக் ஆட்டங்கள் ஒழுங்காக நடப்பதில்லை, ஓர் அணி அறுபது ஆட்டம் ஆடினால் இன்னொன்று நாற்பதுதான் ஆடுகிறது, அட்டவணைக்கு மதிப்பில்லை என்பார்கள். மைதானம் எப்போது காலியாகும் என்பதை அடுத்தவர் முடிவுசெய்யும்போது அட்டவணையை யார் காப்பாற்ற முடியும்? லீக் ஆட்டங்களின் வருமானம் மட்டும் ஊதியத்துக்குப் போதாது. எனவே வார நாட்களில் சிற்றூர்களுக்குப் போய் உள்ளூர் வெள்ளை அணிகளோடு ஆடி, வசூலில் பங்கு வாங்கினார்கள். அந்த ஆட்டங்களை ஏற்பாடு செய்யும் தரகர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அவர்களுக்கும் ஒரு பங்கு. யாங்கி ஸ்டேடியத்தில் நடக்கும் கறுப்பின ஆட்டங்களின் தரகு வெள்ளைத் தரகருக்கே போவதைக் கண்டித்து எஃபா லீக் கூட்டங்களில் மற்ற உரிமையாளர்களோடு மோதினார். பெண் ஒருத்தி இப்படிப் பேசுவதா என்று முகம் சுளித்தவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் அடங்கவில்லை.

வீரர்களைத் தேர்வது ஏப்பின் வேலை. பேருந்தில் அணியோடு பயணிப்பதும் அவருக்குப் பிடித்த காரியம். மற்ற எல்லாவற்றையும், அதாவது ஊதியக் கணக்கு, ஒப்பந்தம், ஆட்ட ஏற்பாடு, பத்திரிகைத் தொடர்பு, தங்குமிடம் அனைத்தையும் எஃபா பார்த்தார். வீரருக்கு வீடு வாங்க உதவியதும் உண்டு, பொது இடத்தில் ஒழுங்காக நடந்துகொள்ளாதவரை வறுத்தெடுத்ததும் உண்டு. கறுப்பினத்தவர் உரிமைக்கான சங்கத்தின் நியூவார்க் கிளையில் பொருளாளராக இருந்த அவர், 1939இல் ரூப்பர்ட் ஸ்டேடியத்தில் கும்பல் கொலைகளுக்கு எதிரான நாள் ஒன்றை நடத்தினார். இருக்கை காட்டும் பணிப்பெண்கள் அன்று ‘கும்பல் கொலையை நிறுத்து’ என்ற வாசகம் பொறித்த பட்டையை மார்பில் அணிந்திருந்தார்கள். யாங்கீஸின் மைதானத்தில் இதைச் செய்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இல்லாமல் அணி இல்லை. 1937இல் ஈகிள்ஸின் இன்ஃபீல்டில் நின்ற நால்வரையும் பத்திரிகைகள் ‘மில்லியன் டாலர் இன்ஃபீல்ட்’ என்று அழைத்தன. முதல் பேஸில் பேருருவம் கொண்ட மியூல் சட்டில்ஸ், இரண்டாவதில் டிக் சே, ஷார்ட்ஸ்டாப்பாக வில்லி வெல்ஸ், மூன்றாவதில் கால்வளைந்த ரே டான்ட்ரிட்ஜ். வெள்ளையராகப் பிறந்திருந்தால் நால்வருக்கும் சேர்ந்து அவ்வளவு விலை இருக்கும் என்பது பொருள். அந்தப் பட்டப்பெயரே ஒரு பொருளாதாரக் குற்றப்பத்திரிகை. டான்ட்ரிட்ஜைத் தாண்டித் தரையோடு உருளும் பந்து போவது அரிது என்று அவரோடு ஆடியவர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். இத்தனை இருந்தும் பட்டம் கிடைக்கவில்லை. ஜாஷ் கிப்சனும் பக் லெனர்டும் இருந்த ஹோம்ஸ்டெட் கிரேஸின் காலம் அது.

ஒப்பந்தங்களின் வலுவின்மையும் ஆரம்பத்திலிருந்தே அணியைப் படுத்தியது. 1938இல் கிரீன்லீயிடமிருந்து பந்தெறியாளர் சாட்செல் பேஜின் ஒப்பந்தத்தை மேன்லி தம்பதியர் வாங்கினார்கள். பேஜ் நியூவார்க் பக்கம் எட்டிப் பார்க்காமல் மெக்சிகோவுக்குப் போய்விட்டார். வெல்ஸ், டான்ட்ரிட்ஜ், பின்னர் மான்டி இர்வின் என்று பலரையும் மெக்சிகோ இழுத்தது. அங்கே ஊதியம் கூடுதல். அதைவிட, எந்த உணவகத்திலும் உட்கார்ந்து சாப்பிடலாம், எந்த விடுதியிலும் தங்கலாம். தாய்நாட்டில் கிடைக்காத மனிதத்தன்மை அங்கே கிடைத்தது என்று வெல்ஸ் பத்திரிகையாளரிடம் வெளிப்படையாகவே சொன்னார். எஃபா கோபப்பட்டார், கடிதங்கள் எழுதினார், போட்டி உரிமையாளர்களையும் சாடினார். அந்த வீரர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ஆனால் இது நடந்தது என்பதை மறைத்துவிட்டு ஈகிள்ஸின் வழக்கை நேர்மையாக வாதிட முடியாது. ‘இவர்களிடம் ஒழுங்கான ஒப்பந்தமே இல்லை’ என்று பின்னாளில் புரூக்ளின் டாட்ஜர்ஸின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி சொன்னதில் ஒரு பகுதி உண்மை இருந்தது.

பிறகு போர். ஈகிள்ஸின் பந்தெறியாளர் லியோன் டே நீரிலும் நிலத்திலும் ஓடும் ராணுவ வண்டிகளின் பிரிவில் சேர்ந்து, நார்மண்டிப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களில் யூட்டா கடற்கரையில் இறங்கினார். இர்வின் ஐரோப்பாவில் ராணுவப் பொறியியல் பிரிவில், அணியின் இளம் வீரர் லாரி டோபி பசிபிக் கடலில் கப்பற்படையில். போர் முடிந்த 1945 செப்டம்பரில், ஹிட்லர் பேரணிகள் நடத்திய நியூரம்பெர்க் மைதானத்தில் அமெரிக்கப் படைப்பிரிவுகளுக்கிடையே பேஸ்பால் தொடர் நடந்தது. கறுப்பரும் வெள்ளையரும் கலந்து ஆடிய ஓர் அணிக்காக டே அங்கே பந்தெறிந்து 2–1 என்று வென்றார். ஊர் திரும்பியபோது, அவர் ஆடக்கூடிய லீக் மாறாமல் அப்படியே இருந்தது.

1946 மே 5, ரூப்பர்ட் ஸ்டேடியத்தில் பருவத்தின் முதல் நாள். பிலடெல்பியா ஸ்டார்ஸ் அணிக்கு எதிராக டே எறிந்த ஆட்டத்தில் எதிரணியின் ஒருவரால்கூட ஒரு ஹிட் அடிக்க முடியவில்லை. இரண்டாண்டு லீக் ஆட்டம் எதிலும் எறியாத கை என்று நம்ப முடியாத ஆட்டம் அது. அந்த ஆண்டு முழுவதும் ஈகிள்ஸ் அப்படித்தான் ஆடியது. இர்வினும் டோபியும் நடுக்களத்தில் இணைந்தார்கள். மேலாளர் பிஸ் மேக்கி. கறுப்பின லீகுகளின் தலைசிறந்த கேட்சர்களில் ஒருவர், ராய் காம்பனெல்லாவுக்குச் சிறுவயதில் கேட்சரின் கலையைக் கற்றுக்கொடுத்தவர். லீகை எளிதாக வென்று, உலகத் தொடரில் கேன்சஸ் சிட்டி மானார்க்ஸைச் சந்தித்தார்கள். பேஜும் பக் ஓ’நீலும் இருந்த அணி அது. நியூவார்க்கில் நடந்த ஆட்டத்தில் குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் முதல் பந்தை எறிந்தார். தொடர் ஏழாவது ஆட்டம் வரை போனது. செப்டம்பர் 29 அன்று ரூஃபஸ் லூயிஸ் பந்தெறிய, ஜானி டேவிஸ் அடித்த டபிளில் இர்வினும் டோபியும் ஓடி வந்து சேர, ஈகிள்ஸ் 3–2 என்று வென்றது. அந்தப் பருவத்தில் நியூவார்க்கில் ஆட்டம் பார்த்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர். ஈகிள்ஸின் உச்சம் அது.

ஆனால் அப்போதே அடித்தளம் பெயர்ந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய அக்டோபரில் ரிக்கி, ராபின்சனை ஒப்பந்தம் செய்ததாக அறிவித்திருந்தார். கேன்சஸ் சிட்டி மானார்க்ஸுக்கு ஒரு காசும் தரவில்லை. கறுப்பின லீகுகள் உண்மையான லீகுகளே அல்ல, சூதாட்டக்காரர்களின் மோசடித் தொழில் என்பது அவர் சொன்ன காரணம். ஈகிள்ஸின் இளம் பந்தெறியாளர் டான் நியூகோமை அவர் இழுத்த விதம் இன்னும் தந்திரமானது. புரூக்ளின் பிரவுன் டாட்ஜர்ஸ் என்ற புதிய கறுப்பின அணி ஒன்றுக்கு ஆள் எடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த அணிக்குத்தான் போகிறோம் என்று எண்ணியே நியூகோம் ரிக்கியின் ஆட்களைச் சந்தித்தார். 1946இல் அவர் டாட்ஜர்ஸின் கிளை அணியான நாஷுவாவில் ஆடிக்கொண்டிருந்தார். ஈகிள்ஸுக்குக் கிடைத்தது பூஜ்யம். 1956இல் இருபத்தேழு ஆட்டங்கள் வென்று, அந்த ஆண்டுதான் தொடங்கப்பட்ட சை யங் விருதை முதன்முதலில் பெற்றவர் இதே நியூகோம்.

உரிமையாளர்கள் ஏன் வழக்குப் போடவில்லை? போட முடியவில்லை. ராபின்சனின் பாதையில் குறுக்கே நிற்கிறார்கள் என்ற பழி வந்தால் அவர்களுடைய சொந்த ரசிகர்களே மன்னிக்க மாட்டார்கள். மானார்க்ஸ் உரிமையாளர்கள் முதலில் எதிர்ப்புச் சொல்லிப் பின் வாயை மூடிக்கொண்டது இதனால்தான். ரிக்கிக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு சமூகத்தின் அறுபதாண்டு ஏக்கத்தைத் தன் பேரத்துக்கு ஈடாக வைத்துக்கொண்டார் என்று சொல்வது கடுமையாக இருக்கலாம், நடந்தது அதுதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். வீரர் என்ன மாடா, விற்கவும் வாங்கவும்? ஓர் அணி தன் வீரரைச் சொத்தாக உரிமை கொண்டாடுவதை ஏன் ஆதரிக்க வேண்டும்? நியாயமான கேள்வி. வீரரை வாழ்நாள் முழுக்க ஒரே முதலாளியோடு கட்டிப்போட்ட மேஜர் லீக் ஒப்பந்த முறையை உடைக்க 1970களில் வீரர்கள் நடத்திய போராட்டம் சரியானது. ஆனால் 1945இல் அந்த முறைதான் சட்டம். அதே ரூப்பர்ட் ஸ்டேடியத்தில் ஆடிய வெள்ளை அணியான பேர்ஸின் வீரர் ஒருவரை ரிக்கி கேட்காமல் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியுமா? மிகச் சிறிய ஊரின் வெள்ளை அணிக்கும் பணம் கொடுத்தே ஆள் எடுத்தார்கள். ஒரே மைதானத்தில் ஆடிய இரண்டு அணிகளில் ஒன்றின் ஒப்பந்தம் செல்லும், இன்னொன்றின் ஒப்பந்தம் செல்லாது. நிறத்தடையை உடைத்த செயலுக்குள்ளேயே நிறத்தடை இப்படித் தொடர்ந்தது. எஃபாவின் கோபம் பணத்தைப் பற்றியது மட்டுமல்ல. எங்கள் நிறுவனமும் ஒரு நிறுவனமே என்று ஒப்புக்கொள்ள வைப்பதைப் பற்றியது.

1947 ஜூலை தொடக்கத்தில் கிளீவ்லேண்ட் இந்தியன்ஸ் உரிமையாளர் பில் வீக் தொலைபேசியில் அழைத்தார். டோபி வேண்டும், விலை என்ன? ரிக்கியைப் போலன்றி வீக் கேட்டார், அதுவே பெரிய மாற்றம். அவர் சொன்ன தொகை 10,000 டாலர். டோபி வெள்ளையராக இருந்து, எந்த அணிக்கும் கட்டுப்படாதவராகவும் இருந்திருந்தால் ஒரு லட்சம் தருவீர்கள், அது உங்களுக்கே தெரியும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னதாக எஃபா பின்னர் நினைவுகூர்ந்தார். டோபி அணியில் நிலைத்தால் மேலும் 5,000 என்று பேரம் முடிந்தது. டோபிக்கு ஊதியம் 5,000 டாலருக்குக் குறையக் கூடாது என்பதும் எஃபாவின் நிபந்தனை. பதினெட்டு வயதில், கல்லூரி ஆட்டத் தகுதி பறிபோகாமலிருக்க லாரி வாக்கர் என்ற பொய்ப் பெயரில் ஈகிள்ஸுக்கு ஆடத் தொடங்கிய பையன், ஜூலை 4 அன்று நியூவார்க்கில் தன் கடைசி முறையில் ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டு ரயிலேறினார். மறுநாள் சிகாகோவில் அமெரிக்கன் லீகின் முதல் கறுப்பின வீரராகக் களமிறங்கினார். புதிய சகாக்களில் சிலர் அவர் நீட்டிய கையைப் பற்ற மறுத்தார்கள்.

அந்த 15,000 டாலர் ஒரு முன்மாதிரி ஆனது. அடுத்த மாதமே மெம்ஃபிஸ் ரெட் சாக்ஸிடமிருந்து டான் பேங்க்ஹெட்டை ரிக்கி எடுத்தபோது அவரும் பணம் கொடுத்தார். அதன் பிறகு கறுப்பின அணிகளிடமிருந்து வீரர்களை எடுத்த மேஜர் லீக் முதலாளிகள் பொதுவாக விலை கொடுத்தார்கள். வெள்ளை அணிக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் என்றாலும்.

ஆனால் அணியைக் காப்பாற்ற அது போதவில்லை. நியூவார்க்கிலிருந்து எபெட்ஸ் ஃபீல்ட் ரயிலும் சப்வேயும் போகும் தூரம்தான். ராபின்சன் ஆடும் நாட்களில் நியூவார்க்கின் கறுப்பின ரசிகர்கள் அங்கே போனார்கள். யார் அவர்களைக் குறை சொல்ல முடியும்? அறுபது ஆண்டுகள் காத்திருந்த காட்சி அது. கறுப்பினப் பத்திரிகைகளும் ராபின்சனையே பின்தொடர்ந்தன. பிட்ஸ்பர்க் கூரியரின் வென்டல் ஸ்மித் அவரோடு ஊர் ஊராகப் போனார். இந்த விடுதலைக்காக ஆண்டுக்கணக்கில் எழுதியவர் ஸ்மித், அவருடைய மகிழ்ச்சி நியாயமானது. ஆனால் ஈகிள்ஸுக்கான பத்திரிகை இடம் சுருங்கிப்போனது. 1946இல் 1,20,000ஆக இருந்த பார்வையாளர் எண்ணிக்கை 1947இல் 57,000க்கும், 1948இல் 35,000க்கும் விழுந்தது.

1948இல் எபனி இதழில் ராபின்சன் கறுப்பின லீகுகளைக் கடுமையாக விமர்சித்து எழுதினார்: மோசமான பேருந்துகள், அழுக்கு விடுதிகள், தரமற்ற நடுவர்கள், குறைந்த ஊதியம், உரிமையாளர்களின் சந்தேகத்துக்குரிய வருமானம். எஃபா இன்னொரு இதழில் பதில் எழுதினார். ராபின்சன் நன்றி மறந்தவர், தன்னை உருவாக்கிய இடத்தையே தூற்றுகிறார் என்றார். நல்ல விடுதிகளில் இடமில்லை என்றால் குற்றம் இனஒதுக்கல் சட்டங்களுடையது, உரிமையாளர்களுடையதா என்று கேட்டார். இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. ராபின்சன் கண்டவை அவர் உடம்பில் பட்ட அனுபவங்கள். ஆனால் அழுக்கு விடுதிக்குக் காரணம் தேடிப் போனால், எஃபா காட்டிய திசையில்தான் அது இருக்கிறது. அவர் ரசிகர்களையும் விட்டுவைக்கவில்லை. சொந்த வீட்டைக் கைவிட்டு ஓடுகிறீர்கள் என்று வெளிப்படையாகக் கண்டித்தார். அது பலிக்கவில்லை. அத்தகைய கண்டனம் எந்த ஊரிலும் பலிப்பதில்லை.

1948 பருவத்தின் முடிவில் மேன்லி தம்பதியர் விலகினார்கள். நீக்ரோ நேஷனல் லீகும் அத்தோடு கலைந்தது. மெம்ஃபிஸ் நகரின் பல் மருத்துவர் ஒருவர் அணியை வாங்கி ஹூஸ்டனுக்குக் கொண்டுபோனார்; அடுத்து நியூ ஆர்லியன்ஸ்; 1951க்குப் பின் பெயரும் இல்லை. இடையில் இன்னொரு மோதல். ரிக்கி மீண்டும் காசு கொடுக்காமல் இர்வினை எடுக்க முயன்றார். அணி கைமாறிவிட்டதால் கேள்வி இருக்காது என்று நினைத்திருக்கலாம். எஃபா வழக்கறிஞரை வைத்தார், ரிக்கி பின்வாங்கினார், நியூயார்க் ஜயன்ட்ஸ் 5,000 டாலருக்கு இர்வினை வாங்கியது. வழக்கறிஞருக்கும் புதிய உரிமையாளருக்கும் போக மிஞ்சியதில் எஃபா ஒரு மிங்க் மேலாடை வாங்கிக்கொண்டார். 1951இல் நேஷனல் லீகிலேயே அதிக ரன்களை உள்ளே கொண்டுவந்தவர் இர்வின்: 121. தடையை உடைக்கும் முதல் வீரராக இவரைத்தான் கறுப்பின உரிமையாளர்கள் பலர் மனத்தில் வைத்திருந்தார்கள். போர் அவருடைய மூன்று ஆண்டுகளைத் தின்றது. மேஜர் லீகில் நுழையும்போது வயது முப்பது.

முப்பது வயதுக்காரர் நுழைந்தார். முப்பத்தைந்தைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. டான்ட்ரிட்ஜ் 1949இல் ஜயன்ட்ஸின் கிளை அணியான மினியாபொலிஸில் சேர்ந்தார். மறு ஆண்டு அந்த லீகின் சிறந்த வீரர் விருது பெற்றார். 1951இல் அங்கே வந்த வில்லி மேஸுக்கு மூத்தவராக வழிகாட்டினார். அவரை மட்டும் மேலே அழைக்கவில்லை, ஒரு நாளைக்குக்கூட. காம்பனெல்லாவை உருவாக்கிய மேக்கிக்கு, உலகத் தொடர் வென்ற அந்த மேலாளருக்கு, எந்த மேஜர் லீக் அணியும் பயிற்சியாளர் வேலை தரவில்லை. மேஜர் லீகில் முதல் கறுப்பின நடுவர் 1966இல் வந்தார், முதல் கறுப்பின மேலாளர் 1975இல். அந்த வரிசையில் இரண்டாமவர் டோபி, 1978இல், சிகாகோவில். ஒரு தலைமுறை மேலாளர்கள், பயண ஏற்பாட்டாளர்கள், நடுவர்கள், கணக்கர்கள் ஆகியோரின் தொழிலறிவு 1948க்குப் பின் போக்கிடமின்றி நின்றது. இணைப்பு என்று இதை அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒரு தொழிலிலிருந்து அதன் இளம் உழைப்பாளிகளை மட்டும் பொறுக்கியெடுத்ததே நடந்தது. இரண்டு லீகுகளை இணைப்பது, அல்லது கறுப்பின அணிகளைக் கிளை அணிகளாக ஏற்பது என்ற யோசனைகளை உரிமையாளர்கள் முன்வைத்தார்கள். மேஜர் லீக் அவற்றுக்கு இடம் தரவில்லை.

ஏப் 1952இல் இறந்தார். எஃபா லாஸ் ஏஞ்சலிஸில் குடியேறி, முதுமையில் இன்னொரு போரைத் தொடங்கினார். கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மண்டபத்துக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். பேஜில் தொடங்கி ஒரு சிலரை மட்டும் ஏற்றுக்கொண்டுவிட்டு மண்டபம் நிறுத்திக்கொள்வதை அவர் ஏற்கவில்லை. பெயர்ப் பட்டியல்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். 1981இல் மறைந்தார். தன் வீரர்களில் இர்வின் 1973இல் மண்டபத்தில் இடம்பெற்றதை மட்டும் அவர் கண்டார். டான்ட்ரிட்ஜ் 1987இல், வெல்ஸ் 1997இல், டோபி 1998இல். லியோன் டே 1995 மார்ச்சில் மருத்துவமனைப் படுக்கையில் செய்தியைக் கேட்டு ஆறே நாட்களில் இறந்தார். 2006இல் சிறப்புக் குழு ஒன்று மேக்கியையும் சட்டில்ஸையும் சேர்த்தது, எஃபாவையும். அந்த மண்டபத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே பெண் இன்றும் அவர்தான்.

2020 டிசம்பரில் மேஜர் லீக் நிர்வாகம், 1920 முதல் 1948 வரையிலான ஏழு கறுப்பின லீகுகளையும் மேஜர் லீகுகளாக ஏற்பதாக அறிவித்தது. 2024 மே மாதம் அவற்றின் புள்ளிவிவரங்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்ந்தன. வாழ்நாள் சராசரியில் டை காப்பைத் தாண்டி ஜாஷ் கிப்சன் .372 என்று முதலிடத்துக்கு வந்தார். பல பத்தாண்டுகள் பழைய பத்திரிகைகளைத் துருவி ஆட்டம் ஆட்டமாகக் கணக்கெடுத்த ஆய்வாளர்களின் உழைப்பு அது. நல்ல காரியம். ஆனால் அந்த அறிவிப்பின் தர்க்கத்தை ஒருவர் பின்தொடர்ந்தால் அது நியூகோமின் ஒப்பந்தத்தில் போய் முட்டும். 1945இல் ஈகிள்ஸ் ஒரு மேஜர் லீக் அணி என்றால், இன்னொரு மேஜர் லீக் அணி அதனிடமிருந்து ஒரு பந்தெறியாளரை விலை கொடுக்காமல் எடுத்தது என்று பொருள்.

அதற்கான ஆவணங்கள் கிடைக்கின்றன. மேன்லி தம்பதியர் ஊரை விட்டுப் போனபோது நியூவார்க்கின் கிராஃபோர்டு தெரு வீட்டு நிலவறையில் அணியின் கோப்புகள் தங்கிவிட்டன. இன்று அவை நியூவார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன. கடிதப் போக்குவரத்து, ஊதியக் கணக்கு, ஆட்ட ஏற்பாடுகள், மைதான வாடகை, வீரர்களோடு நடந்த வாக்குவாதங்கள். ஒழுங்கான தொழிலே அல்ல என்று ரிக்கி சொன்ன ஒரு தொழிலின் அன்றாடக் காகிதங்கள் அவை. கறுப்பின லீகுகளின் பொருளாதாரத்தை ஆராய வருபவர்கள் முதலில் கேட்கும் பெட்டிகளில் அவையும் உண்டு.